சம்பூர்ணத்துக்குக் கதவு திறந்த லாரி

வேலாத்தாபாளையத்தில் செங்கோடனின் லாரி அவன் பெண்டாட்டி சம்பூர்ணத்தைக் கண்டு விளக்கேற்ற ஆரம்பித்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்தில். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே வீட்டுக்கு ஒரு லாரி நிற்கிற ஊர் அது. பிள்ளைக்குச் சுற்றிப்போடுகிற மிளகாயை அப்படியே கொண்டுபோய் லாரிக்கும் சுற்றிப்போடுகிற ஊர் என்பதால், நடந்ததைப் பார்த்து யாரும் கூச்சல் போடவில்லை. சம்பூர்ணம் முறத்தில் குப்பையை அள்ளிக்கொண்டு லாரியின் இடதுபக்கமாக நடந்துபோனாள், அவ்வளவுதான். சாவி வீட்டுக்குள் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, கேபினுக்குள் சின்ன விளக்கு எரிந்தது, வைப்பர் ஒரே ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் தூசியைத் துடைத்தது, ஆரன் தொண்டையைச் செருமுவதுபோல அரைக்குரலில் ஒரு சத்தம் கொடுத்தது, இடதுபக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வீட்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்க, உங்க லாரி என்னையக் கூப்புடுதுங்க."

செங்கோடன் சோற்றுக் கையோடு எழுந்து வந்தான். அவள் நடந்த அதே தடத்தில் அவனும் நடந்து பார்த்தான். அவன் பக்கத்தில் வரவும் விளக்கு அணைந்தது, கதவு மூடிக்கொண்டது, உள்ளே பூட்டு 'டக்'கென்று விழுந்தது. பதினாறு வருஷமாக அவன் ஓட்டுகிற லாரி, நாக்பூர் வெயிலிலும் தொப்பூர் இறக்கத்திலும் அவன் கையைத் தவிர வேறு கை அறியாத லாரி, தன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதை அவனால் நம்ப முடியவில்லை. கையைக் கழுவக்கூட மறந்து அங்கேயே நின்றான்.

செங்கோடனுக்குப் பொறாமை புதிதல்ல, அது அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஊரில் எல்லாரும் லாரியின் நெற்றியில் பெண்டாட்டி பேரையோ மகள் பேரையோ எழுதி, பக்கத்தில் இரண்டு மயிலும் வரைந்து ஓட்டுகிறபோது, இவன் மட்டும் சாமி பேரைத் தவிர எதையும் எழுதவிடவில்லை; சம்பூர்ணத்தின் பேரை எழுதினால் ஓசூர் முதல் நாக்பூர் வரைக்கும் சுங்கச்சாவடியில் நிற்கிறவன் எல்லாம் அதை வாய்விட்டுப் படிப்பான் என்பது அவன் கவலை. ஆனால் லாரியை அவன் சீராட்டியதுக்குக் குறைவில்லை. லோடு இறக்கி வீட்டுக்கு வந்தால் முதல் குளியல் லாரிக்கு, அப்புறம்தான் அவனுக்கு. மல்லிகைச் சரம் வாங்கினால் கண்ணாடிக்குக் கீழே முதல் முழம், மிச்சம்தான் வீட்டுக்கு. மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருப்பான், அதில் பாதி நாள் லாரிக்கு அடியில் படுத்துக்கிடப்பான். அப்புறம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பழம் நசுங்கினால் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் போகிற காரியம் கெடும் என்பது அந்த ஊர் டிரைவர்களின் முறை, அதில் செங்கோடன் ஒருநாளும் பிசகியதில்லை.

ஆடியில் லோடு குறைவு என்பதால் லாரி வாசலிலேயே நின்றது. மறுநாளும் அது விளக்கேற்றியது, அதற்கு மறுநாளும் ஏற்றியது, சம்பூர்ணம் வாசலுக்கு வரும்போதெல்லாம் ஏற்றியது. ஊர் அதை இரண்டே வாரத்தில் தன் வழக்கத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டது. கரண்டு போன சாயங்காலங்களில் தெருப் பெண்கள் சம்பூர்ணத்தை அழைத்து வந்து லாரிக்கு முன்னால் உட்காரவைத்து, அந்த வெளிச்சத்தில் பூக் கட்டினார்கள், வெங்காயம் உரித்தார்கள். தையற்காரி மரகதம் மிஷினையே தூக்கிக்கொண்டு வந்து பட்டன் துளை போட்டாள். சம்பூர்ணம் சலித்துக்கொண்டு எழுந்தால் வெளிச்சமும் எழுந்துபோய்விடும் என்பதால் அவளுக்குக் காபி, முறுக்கு, தலையணை எல்லாம் வந்தன. கோயில் பூசாரியிடம் கேட்டபோது, கல்யாணமான பெண்ணுக்கு ஒரு லாரி இப்படிச் செய்வது முறைதானா என்று அவரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதன் நடத்தையில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை, தொடாமல் தூர நின்றுதானே செய்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லாததுதான் செங்கோடனுக்கு இன்னும் எரிந்தது. ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான்.

சம்பூர்ணம் மாறிப்போனாள். வாசலுக்கு வருமுன் முகம் கழுவினாள், பொட்டை நேராக வைத்தாள், குப்பை கொட்டுவதற்கே நல்ல சேலை உடுத்தினாள். கதவு திறந்ததும் ஏறி உட்காரமாட்டாள். ஒரு ராணி தர்பாரில் நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்று, "சரி, போதும்" என்பாள், கதவு மெதுவாக மூடிக்கொள்ளும். அப்படி அவள் சொல்கிறபோது முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைச் செங்கோடன் கல்யாணமான புதிதில் பார்த்ததுண்டு, அப்புறம் எங்கே போயிற்று என்று அவன் தேடியதில்லை, இப்போது தன் லாரியின் முகத்துக்கு முன்னால் அதைக் கண்டான். பெண்டாட்டியைப் பார்த்து லாரி மயங்குகிறதே என்று எரிந்தான், லாரியைப் பார்த்துப் பெண்டாட்டி சிரிக்கிறாளே என்று எரிந்தான், இந்த இரண்டுக்கும் நடுவே தன்னை யாரும் சட்டை செய்யவில்லையே என்று மூன்றாவதாக எரிந்தான். எதை முதலில் அணைப்பது என்று அவனுக்கே தெரியவில்லை.

ஊர் ஆண்களுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சோறு போடுகிற கை பாதியில் நின்று, ஒரு இரும்புக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லையே என்று கேட்க ஆரம்பித்திருந்தது. லாரி சங்கத் தலைவர் மாதேஸ்வரன், பெண்டாட்டிக்கு டிவிஎஸ்ஸில் பின்சீட்டைத் துடைத்துக் கொடுக்கவேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டார். அவர் ஒருநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, இதை நீயாகச் சரிசெய்கிறாயா, சங்கத்தில் வைத்துப் பேசட்டுமா என்று செங்கோடனைக் கேட்டார். அதற்குள் பேட்டரி வேறு படுத்துவிட்டது. விடியும்போது லாரியில் ஒரு பொட்டுக் கரண்டு இருக்காது, தெருவே சேர்ந்து தள்ளினால்தான் கிளம்பும், தள்ளுகிறவர்கள் தள்ளும்போதே செங்கோடனின் குடும்ப விஷயத்தைப் பேசிக்கொண்டு தள்ளினார்கள். செங்கோடன் அன்றைக்கே அன்வர் பாயைக் கூட்டி வந்தான்.

அன்வர் பாய் சங்ககிரி பைபாஸில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர். டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் துழாவிவிட்டு எழுந்து, பாடி கண்ட்ரோல் மாடியூல் போய்விட்டது என்றார். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. லாரியின் விளக்கு, வைப்பர், ஆரன், கதவுப் பூட்டு எல்லாம் அதைக் கேட்டுத்தான் நடக்கும். தண்ணீர் இறங்கியோ வயதாகியோ அது பழுதானால் யாரும் சொல்லாமலே தன்னிஷ்டத்துக்கு எல்லாம் செய்யும் என்று விளக்கினார். பூட்டைத் திறக்கிறது சரி, கதவையே திறக்கிறதே என்று செங்கோடன் கேட்டதற்கு, பூட்டு வரைக்கும்தான் அந்தப் பெட்டியின் வேலை, மிச்சம் தனக்குத் தெரியாது என்று கையைத் துடைத்தார். புதுப் பெட்டி இந்தப் பழைய மாடலுக்கு இப்போது வருவதில்லை, இதே வருஷத்து லாரி எதையாவது உடைத்திருந்தால் காயலான்கடையில் கிடைக்கும் என்றார்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு உடைப்புக்கடையில் அப்படியே ஒன்று கிடைத்தது. சம்பூர்ணம் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் செங்கோடன் அன்வர் பாயை அவசரப்படுத்தினான். பாய் பேட்டரி வயரைக் கழற்றினார், ஒவ்வொரு சாக்கெட்டாகப் பிடுங்கினார், பழைய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விஷயம் கேட்டார்.

"செங்கோடண்ணா, இதுல இருக்கறதையெல்லாம் அதுக்கு ஏத்தீரலாமுங்களா? அதான் முறை. ஏத்துனாத்தான் அதுக்கு உங்க லாரின்னு தெரியும்."

"இதுல இருக்கறது ஒண்ணுமே வேண்டாம் பாய். அதுக்குத்தான மாத்தறதே."

அப்படியானால் வாங்கி வந்ததில் இருக்கிற பழைய லாரியின் நினைப்பையாவது அழிக்கவேண்டும், அதற்கான மிஷின் நாமக்கல்லில் இருக்கிறது, நாளைக்கு வாங்கி வருகிறேன் என்றார் பாய். நாளைக்குச் சம்பூர்ணம் வீட்டில் இருப்பாள். செங்கோடன் அதெல்லாம் தேவையில்லை, சாவிக்கு வண்டி கிளம்பினால் போதும், மாட்டுங்கள் என்றான். பாய் சாவியை மட்டும் பழக்கிவிட்டு மாட்டினார். கழற்றியதை உடையவன் கையில்தான் கொடுக்கவேண்டும் என்பது தொழில் முறை என்பதால், பழைய பெட்டியைத் துடைத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனார். செங்கோடன் அதை மொட்டைமாடியில் தேய்ந்த டயர்களுக்குள் வீசினான்.

சந்தைப் பையோடு வந்த சம்பூர்ணம் லாரிக்குப் பக்கத்தில் வந்ததும் நடையைக் குறைத்தாள். ஒன்றும் எரியவில்லை. திரும்பிப் போய் மறுபடி வந்தாள். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். செங்கோடன் கதவுச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான், பல நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவனுக்குப் பசித்தது.

மறுநாள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினான். ஓமலூர் தாண்டித் தொப்பூர் போகிற வழியில், சாலையோரம் ஒரு இட்லிக்கடைக்கு நேராக வந்ததும் லாரி தானாக வேகத்தைக் குறைத்து, ஓரம்கட்டி, இண்டிகேட்டர் போட்டு நின்றது. நெற்றி விளக்கு முதல் வால் விளக்கு வரை எல்லாம் எரிந்தன. ஆரன் மூன்று தரம் கூப்பிட்டது. இடதுபக்கக் கதவு திறந்தது. கடைக்காரி ராஜாமணி மாவுக் கையோடு வெளியே வந்தாள். அவளுடைய புருஷன் செத்த பிறகு அவனுடைய லாரியை ஈரோட்டுப் பக்கம் எடைக்குப் போட்டிருந்தார்கள்; அதன் பெட்டிதான் இப்போது செங்கோடனின் லாரியில் இருந்தது. அவன் எந்த லோடோடு போனாலும் இந்த இடத்தில் நிறுத்தி இப்படித்தான் அவளை அழைப்பானாம். அவள் வேறு எதுவும் கேட்காமல் பம்பரில் கையை வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு செங்கோடனைக் கடைக்குள் உட்காரவைத்து இட்லி போட்டாள், அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை லாரி கதவை மூடவேயில்லை.

லாரிக்காரர்கள் வழியாகச் செய்தி போகிற வேகத்தில் லாரி போவதில்லை. செங்கோடன் நாக்பூர் போய்ச் சேருமுன்பே, அவன் லாரி ஓமலூர்ப் பக்கம் ஒரு இட்லிக்கடைக்காரிக்குக் கதவு திறக்கிறது என்பது வேலாத்தாபாளையத்தில் குழந்தை வரைக்கும் தெரிந்துவிட்டது. மாதேஸ்வரன் போன் போட்டு, உன் வீட்டில் அடுப்பு எரியவில்லையப்பா, சீக்கிரம் வந்து சேர் என்றார். சம்பூர்ணம் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள், பூக் கட்டுகிற பெண்களெல்லாம் துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டதும் செங்கோடனுக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? பயந்திருக்க வேண்டும். அவனோ பூரித்துப்போனான். சம்பூர்ணத்துக்குத் தன் மேல் பொறாமை! தான் இன்னொருத்தி கையால் இட்லி தின்றதற்காக அவள் சோறு தின்னாமல் கிடக்கிறாள்! திரும்பி வருகிற வழியெல்லாம் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டே வந்தான், தொப்பூர் இறக்கத்தில் பாட்டுக்கூடப் பாடினான். ராஜாமணி கடை முன்னால் லாரி நின்றபோது, வேண்டுமென்றே இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கினான்.

வீட்டுக்கு வந்தால் சம்பூர்ணம் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி வாசலுக்குப் போய், லாரியின் முன்னால் நின்றுகொண்டாள். முகம் கழுவியிருக்கவில்லை. தலை கலைந்திருந்தது.

"அவ நல்லாருக்காளா?" என்று கேட்டாள். லாரியைத்தான் கேட்டாள்.

அந்த இடத்தில்தான் செங்கோடனுக்கு விஷயம் விளங்கியது, விளங்கியதும் பூரிப்பெல்லாம் புண்ணாகிப்போனது. மீசையில் வைத்திருந்த கையைக் கீழே இறக்கினான். இத்தனை வருஷத்தில் எத்தனை ஊர், எத்தனை கடை, எத்தனை ராத்திரி போய் வந்திருக்கிறான், ஒருநாளாவது எங்கே தங்கினீர்கள் என்று இவள் கேட்டிருக்கிறாளா?

"என்ற மேல நீ ஒருக்காவாவது இப்படிப் பொறாமைப்பட்டிருக்கறியா அம்மிணி?" என்று கேட்டான்.

சம்பூர்ணம் திரும்பினாள். இவ்வளவு நாளும் பேசாமல் வைத்திருந்ததை அவள் கத்திச் சொல்லவில்லை, பாத்திரத்தைக் கவிழ்த்தாற்போல் மெதுவாகச் சொன்னாள்.

"பதினாறு வருசமா இந்த லாரியப் பாத்துத்தானுங்க எரிஞ்சுக்கிட்டிருந்தேன். வந்ததும் இதத்தான் குளிப்பாட்டுவீங்க, பூவும் இதுக்குத்தான் மொதல்ல. எனக்குச் சக்களத்தின்னா அது இதுதானுங்க. அது தானா வந்து எனக்குக் கதவத் தொறந்துச்சு. சக்களத்தியே வந்து கும்புட்டாப்பல இருந்துச்சு எனக்கு. அதப் போயிக் கழட்டீட்டீங்களே."

செங்கோடன் பெட்டியை வீசிய மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தான்.

"இது ஏன் என்னையக் கண்டு எரிஞ்சுச்சுன்னு ஊரெல்லாம் கேட்டாங்க, நீங்க கேக்கல. பழம் நசுங்குனா திரும்பிப் பாக்கப்படாதுன்னு நீங்க போயிருவீங்க. லாரி முக்குத் திரும்பற வரைக்கும் நான் இந்த எடதுபக்கக் கண்ணாடியப் பாத்துக்கிட்டே நிப்பேன். ஒருநாளாச்சும் அதுல உங்க மூஞ்சி தெரியுமான்னு. தெரிஞ்சதே இல்லீங்க. நீங்கதான் பாக்கல. கண்ணாடி பாத்துச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். செங்கோடன் அந்தக் கண்ணாடியின் முன்னால் போய் நின்றான். அதில் வீட்டு வாசலும், வாசற்படியும், படியோரத்தில் கோலம் கால்பட்டு அழிந்திருந்த இடமும் தெரிந்தன. யாரோ ஒரே இடத்தில் நின்று நின்று சிமெண்டில் பள்ளம் விழுந்திருந்தது. பதினாறு வருஷமாக அந்தப் படியைத் தாண்டிப் போனவனுக்கு அந்தப் பள்ளம் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பொறாமையெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, அது இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மொட்டைமாடிக்கு ஏறிப்போய் டயர்களுக்குள் தேடினான். பெட்டி இல்லை. அழாத குறையாகக் கீழே வந்தவனிடம், பீரோவைத் திறந்து பாருங்கள் என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். அவளுடைய கல்யாணப் பட்டுக்குள், நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவே, அது சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

அன்வர் பாய் மறுநாள் சாயங்காலம் வந்து மாற்றினார். இந்தத் தடவை அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. விளக்கு எரிந்தால் எரியட்டும், பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்சு போட்டுத் தருகிறேன், ராத்திரி படுக்கப் போகும்போது அக்காவே அணைத்துக்கொள்ளட்டும் என்றார். கழற்றிய பெட்டியைத் தொழில் முறைப்படி செங்கோடன் கையில் கொடுத்தார். அதை அவன் அடுத்த லோடில் போகும்போது ராஜாமணியிடமே சேர்த்துவிட்டான் என்பதும், மாவு ஆட்டுகிற மேடைக்கு மேலே அவள் அதை வைத்திருக்கிறாள் என்பதும், எந்த வயரும் இல்லாமல் சில சமயம் அதற்குள் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கிறது என்பதும் பின்னால் நடந்தவை.

பாய் பேட்டரி வயரை மாட்டியபோது தெருவே கூடியிருந்தது. மரகதம் மிஷினோடு வந்திருந்தாள். மாதேஸ்வரன் எதற்கும் இருக்கட்டும் என்று தன் பெண்டாட்டியையும் கூட்டி வந்திருந்தார். சம்பூர்ணம் முகம் கழுவி, நேராகப் பொட்டு வைத்து, வாசற்படியில் இறங்கினாள். லாரி பேசாமல் நின்றது. கோபமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள், இருக்காதா என்று இன்னொருவர் சொன்னார். அவள் இன்னும் ஓரடி வைத்தாள். வைப்பர் ஒரே ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தது. கேபினுக்குள் விளக்கு எரிந்தது. இடதுபக்கக் கதவு திறந்தது.

அன்றைக்கு அவள் "போதும்" என்று சொல்லவில்லை. சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியில் கால் வைத்து, கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தாள். கதவு மெதுவாக மூடியது, பூட்டு விழுந்தது. செங்கோடன் சாவியோடு வலதுபக்கம் போனான். சாவி திரும்பவில்லை. இடதுபக்கம் வந்து தட்டினான். கதவுக் கண்ணாடி இறங்கவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்கத் தன் சொந்த லாரிக்கு வெளியே, டயருக்குப் பக்கத்தில், கூப்பிடாத வீட்டுக்கு வந்தவனைப்போல் நின்றான். பிறகு என்ன தோன்றியதோ, தட்டுவதை நிறுத்திவிட்டு, பின்னால் நடந்து போய், வாசற்படியில் அந்தப் பள்ளத்தில் ஏறி நின்றுகொண்டான். அவன் காலுக்கு அது சின்னதாக இருந்தது.

மரகதம் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். மாதேஸ்வரன் பெண்டாட்டியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு போனார். தெரு காலியாயிற்று. லாரியின் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது, அதன் வெளிச்சத்தில் இடதுபக்கக் கண்ணாடி பளபளத்தது, கண்ணாடிக்குள் சம்பூர்ணத்தின் கண்கள் தெரிந்தன. அவள் கண்ணுக்கு அதில் அவன் முகம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கதவுக் கண்ணாடி இரண்டு விரல் அளவுக்குக் கீழே இறங்கியது.

"கதவத் தொற அம்மிணி" என்றான் செங்கோடன்.

"சித்த நேரம் அங்கயே நில்லுங்க" என்றாள் சம்பூர்ணம். "இப்பத்தான பாக்கறேன்."